சொல்லடைவில் விடுபட்ட பதினொரு பாடல்கள்: கோப்புப் பாதை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு சிறு நூலகம் பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து சேர்த்திருந்த நாட்டுப்புறப் பாடல்களுக்குச் சொல்லடைவு தயாரிக்கும் பணியில் நானும் சேர்ந்திருந்தேன். எந்தச் சொல் எந்தப் பாடலின் எத்தனையாவது அடியில் வருகிறது என்று காட்டும் அடைவு அது. பாடலுக்கு ஒரு உரைக்கோப்பு என்ற கணக்கில் 318 கோப்புகள் இருந்தன. அவை வட்டாரவாரியாகப் பிரிக்கப்பட்டு, ‘தரவு’ என்ற கோப்புறைக்குள் உள்ள ‘மூலம்’ என்ற கோப்புறையில் வைக்கப்பட்டிருந்தன. கோப்பின் பெயர்கள் அனைத்தும் தமிழிலேயே இருந்தன. எந்தக் கோப்புகளை எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்பதை வரிக்கு ஒரு பெயராகக் கையால் தட்டச்சு செய்த பட்டியல் கோப்பு ஒன்று சொல்லியது.

இவற்றைப் படித்து அடைவை எழுதும் பைத்தான் நிரலை ஓர் இளைஞர் தம் விண்டோஸ் மடிக்கணினியில் எழுதினார். அங்கே அது ஓடியது, அடைவு வந்தது, அதிலிருந்து சில படிகள் அச்சிட்டும் தரப்பட்டன. பின்னர் பாடல்கள் தொடர்ந்து சேர்ந்துகொண்டிருந்ததால், நிரலை லினக்ஸ் சர்வர் ஒன்றுக்கு மாற்றி, ஒவ்வொரு இரவும் இரண்டு மணிக்குத் தானாக ஓடும்படி, குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் லினக்ஸ் கருவியான கிரானில் ஏற்பாடு செய்தோம். அந்த மாற்றத்தின்போது நடந்தவற்றையும், அவற்றுக்கான காரணங்களைத் தேடிப் போகையில் தெரியவந்தவற்றையும் இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன். நிரல் சிறியது, நூறு வரிகளைக்கூடத் தொடாது. பிழைகள் அனைத்தும் அதன் கணக்கிடும் பகுதியில் இல்லாமல், கோப்பைத் திறக்கும் நான்கு வரிகளில்தான் இருந்தன.

அந்த நான்கு வரிகளை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு பாதையை, அதாவது கோப்பு இருக்கும் இடத்தின் முகவரியைக் கொடுத்தால் அங்கே கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதன் வரிகளையும், இல்லாவிட்டால் வெற்றுப் பட்டியலையும் திருப்பித் தரும் சிறு செயற்கூறு அது. பட்டியல் கோப்பைப் படிப்பதற்கும் பாடல் கோப்புகளைப் படிப்பதற்கும் அதே செயற்கூறுதான் பயன்பட்டது. பாடல் இன்னும் தட்டச்சாகாமல் பெயர் மட்டும் பட்டியலில் ஏறியிருந்தால் நிரல் நின்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி எழுதியதாக அவர் சொன்னார். நல்லெண்ணம்தான். ஆனால் பின்னால் வந்த குழப்பம் அனைத்தையும் போர்த்தி மூடி வைத்தது அந்த நல்லெண்ணமே.

முதல் நாள்: பின்சாய்கோடு

சர்வரில் கையால் ஓட்டிப் பார்த்த முதல் முறையிலேயே அடைவு வெறுமையாக வந்தது. காரணம் எளிதில் பிடிபட்டது. மூலக் கோப்புறையின் பாதை நிரலில் ‘தரவு\மூலம்’ என்று பின்சாய்கோட்டுடன் எழுதப்பட்டிருந்தது. விண்டோஸில் அது கோப்புறைகளைப் பிரிக்கும் குறி. லினக்ஸிலோ அது பெயரில் வரக்கூடிய ஒரு சாதாரண எழுத்து. ஆகவே ‘தரவு’ என்ற கோப்புறைக்குள் ‘மூலம்’ என்ற கோப்புறையைத் தேடாமல், ‘தரவு\மூலம்’ என்ற ஒரே நீண்ட பெயரை உடைய கோப்புறையை அது தேடியது.

இந்த வேறுபாடு வந்த வழி சற்று வேடிக்கையானது. 1981இல் வந்த எம்எஸ்-டாஸின் முதல் பதிப்பில் கோப்புறைகளே கிடையாது. சாய்கோடு அப்போது கட்டளைகளின் விருப்பத்தேர்வுகளைக் குறிக்கப் பயன்பட்டது. 1983இல் இரண்டாம் பதிப்பில் கோப்புறைகள் வந்தபோது, அந்தக் குறி ஏற்கெனவே வேறு வேலையில் இருந்ததால், பாதைக்குப் பின்சாய்கோடு வந்து சேர்ந்தது. எனினும் விண்டோஸின் கோப்புத் திறப்புச் சேவைகள் பெரும்பாலும் சாய்கோட்டையும் ஏற்றுக்கொள்ளும் என்பதால், நிரலில் எப்போதும் சாய்கோட்டையே எழுதுவது இரண்டு பக்கமும் செல்லுபடியாகும்.

இங்கே தமிழ்ப் பெயர்கள் எங்களுக்கு ஒரு பாதுகாப்பையும் ஒரு மயக்கத்தையும் சேர்த்தே தந்திருந்தன. பைத்தானின் சாதாரணச் சரத்தில் (மேற்கோள் குறிகளுக்குள் எழுதும் உரையில்) பின்சாய்கோட்டுக்குப் பின் ஆங்கிலச் சிறிய ‘என்’ வந்தால் அது புதிய வரி. ‘டி’ வந்தால் அது டேப். கோப்புறையின் பெயர் அந்த எழுத்துகளில் தொடங்கினால் பாதை நடுவில் உடைந்துபோகும். பயனர் கோப்புறையின் முழுப் பாதையை அப்படியே ஒட்டுபவர்களுக்கு, பின்சாய்கோட்டை அடுத்து வரும் பெரிய ‘யூ’ எட்டு இலக்க யூனிகோடு எண்ணின் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் பொதுத் தரத்தின் எண்ணின்) தொடக்கம் என்று கொள்ளப்படுவதால், நிரல் ஓடவே மறுத்துவிடும். ஆனால் பின்சாய்கோட்டுக்குப் பின் ‘மூ’ வந்தால் அதற்குச் சிறப்புப் பொருள் ஏதும் இல்லை. பைத்தான் இரண்டையும் அப்படியே விட்டுவிடும். ஆகவே ஆங்கிலப் பெயராக இருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கக்கூடிய தவறு, தமிழ்ப் பெயர் என்பதால் மாதக்கணக்கில் ஒளிந்திருந்தது. பைத்தான் 3.12 முதல் இத்தகைய பொருளற்ற பின்சாய்கோடுகளுக்கு வெளிப்படையான எச்சரிக்கை வருகிறது. இளைஞரின் கணினியில் இருந்தது அதற்கு முந்தைய பதிப்பு.

பின்சாய்கோட்டைச் சாய்கோடாக மாற்றினோம். அடைவு வந்தது, பக்கங்கள் நிறைந்திருந்தன, அன்றைய வேலை முடிந்தது என்று எண்ணிக்கொண்டோம்.

ஒன்பது நாள் மௌனம்

அடுத்த ஒன்பது நாள்கள் நிரல் ஒவ்வோர் இரவும் ஓடியது; பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. பத்தாம் நாள் நூலகர் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, போன வாரம் திருத்தின தாலாட்டு ரெண்டும் அடைவுல பழையபடியே இருக்கே, ஒரு தடவை பாருங்க” என்றார். அடைவுக் கோப்பைத் திறந்து பார்த்தால் அது நாங்கள் கையால் ஓட்டிய முதல் நாளின் கோப்பு. அதன்பின் அது எழுதப்படவே இல்லை. சர்வரின் பயனர் முகப்புக் கோப்புறையில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில், அதே பெயரில் பூஜ்யம் பைட் அளவுள்ள இன்னொரு அடைவுக் கோப்பு கிடந்தது. ஒவ்வோர் இரவும் எழுதப்பட்டு வந்தது அதுதான்.

நிரலில் இருந்த பாதைகள் எல்லாம் சார்புப் பாதைகள். ‘தரவு/மூலம்’ என்று எழுதும்போது, எங்கிருந்து தொடங்கி ‘தரவு’ என்பதை அந்த வரி சொல்வதில்லை. நிரல் கோப்பு இருக்கும் கோப்புறையிலிருந்துதான் என்று எழுதுபவர் எண்ணிக்கொள்கிறார். இயங்குதளமோ அந்த நிரல் ஓடத் தொடங்கிய நேரத்தில் எது நடப்புக் கோப்புறையோ அங்கிருந்து தொடங்குகிறது. இரண்டும் பல வேளைகளில் ஒன்றாகவே அமைந்துவிடுவதால் வேறுபாடு கண்ணில் படுவதில்லை. பைத்தானுடன் வரும் ஐடில் திருத்தியில் ஒரு நிரலை ஓட்டினால் அந்த நிரலின் கோப்புறையே நடப்புக் கோப்புறையாகிவிடும். விஎஸ் கோடு என்ற நிரல் திருத்தியில் வழக்கமாக, திறந்து வைத்திருக்கும் பணிக் கோப்புறையின் உச்சிதான் நடப்புக் கோப்புறை. நிரல் அதற்குள் இரண்டு அடுக்கு கீழே இருந்தாலும் அதுவே. கிரான், பயனரின் முகப்புக் கோப்புறையில் நின்று தொடங்கும். லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி வழியாகச் சேவையாக ஓட்டினால், வேறு சொல்லாதவரை, எல்லாக் கோப்புறைகளுக்கும் மேலான வேர்க் கோப்புறையிலிருந்து தொடங்கும். விண்டோஸின் பணி அட்டவணையில் ‘தொடங்கும் இடம்’ என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டால் பெரும்பாலும் விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறைக்குள் நின்று தேடும்.

எங்கள் நிரல் கிரானில் ஓடியபோது முகப்புக் கோப்புறையில் நின்று பட்டியல் கோப்பைத் தேடியது. அது அங்கே இல்லை. இல்லாவிட்டால் வெற்றுப் பட்டியல் தர வேண்டும் என்று எழுதியிருந்தோம், தந்தது. வெற்றுப் பட்டியலில் படிக்க ஒன்றும் இல்லை. வெற்று அடைவு எழுதப்பட்டது. அந்த அடைவின் பாதையும் சார்புப் பாதை என்பதால் அதுவும் முகப்பிலேயே விழுந்தது. ஆக, பழைய அடைவு அதன் இடத்தில் கம்பீரமாக நின்றது. காலையில் பார்த்தவர்களுக்கு அதுவே இரவு தயாரானதாகத் தோன்றியது. படிப்பதில் நேர்ந்த தவறு எழுதுவதிலும் நேர்ந்ததால், ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டது.

இதைத் திருத்த மூன்று வழிகள் பேசப்பட்டன. முழுப் பாதையை நிரலில் எழுதிவிடலாம் என்பது முதலாவது. அது உடனே வேலை செய்யும். ஆனால் சர்வரின் பயனர் பெயர் மாறினாலோ, நிரல் வேறு கணினிக்குப் போனாலோ மறுபடியும் இதே கதை. கிரான் வரியிலேயே முதலில் நிரலின் கோப்புறைக்குச் சென்று பிறகு நிரலை ஓட்டச் சொல்வது இரண்டாவது. பலரும் செய்வதுதான், தவறும் இல்லை. ஆனால் மருந்து நிரலுக்கு வெளியே இருக்கிறது, அடுத்து ஓட்டுபவருக்கு அது தெரியாது. நிரலுக்கு உள்ளேயே நடப்புக் கோப்புறையை மாற்றிவிடலாம் என்றும் இளைஞர் கேட்டார். அது முழுச் செயல்முறைக்கும் பொதுவான நிலையை மாற்றுவது. அதே செயல்முறையில் வேறு எவரேனும் சார்புப் பாதையை நம்பியிருந்தால் அவர் காலடியில் கம்பளத்தை இழுத்ததாகிவிடும் என்று நான் மறுத்தேன்.

மூன்றாவது வழி, நிரல் தன் சொந்தக் கோப்பின் இடத்தைக் கேட்டறிந்து, அங்கிருந்து பாதையைக் கட்டுவது. பைத்தான் 3.4 பதிப்பில், 2014இல் வந்த பாத்லிப் என்ற நிரல் நூலகம் (ஆயத்தச் செயற்கூறுகளின் தொகுப்பு) இதற்கு வசதியானது. நிரலில் ஆங்கில எழுத்தில் வருபவற்றைத் தமிழில் பெயர்த்தெழுதினால் இப்படி இருக்கும்:

அடி = பாத்(__ஃபைல்__).ரிசால்வ்().பேரன்ட்
மூலம் = அடி / "தரவு" / "மூலம்"

முதல் வரி, இந்த நிரல் எந்தக் கோப்பில் இருக்கிறதோ அதன் முழுப் பாதையைத் தீர்த்து, அதன் தாய்க் கோப்புறையை எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் வரியில் உள்ள சாய்கோடு வகுத்தல் குறி அல்ல. பாதையின் துண்டுகளை அந்தந்த இயங்குதளத்துக்கு ஏற்ப இணைக்கும் குறி. சரங்களைக் கூட்டல் குறியால் ஒட்டும் பழக்கத்தையும், நடுவில் சாய்கோடு போட மறந்து ‘தரவுமூலம்’ என்று ஆகிவிடும் தவறையும் இது ஒருசேர ஒழிக்கிறது.

இதையும் வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. தரவு எப்போதும் நிரலுக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்பது எங்களுக்கு உண்மை, எல்லாருக்கும் அல்ல. பைஇன்ஸ்டாலர் போன்ற கருவியால் நிரலை ஒரே கோப்பாகக் கட்டிவிட்டால், ஓடும்போது அது ஒரு தற்காலிகக் கோப்புறையில் பிரிந்து கிடக்கும். நிரலின் இடம் என்று கேட்டால் அந்தத் தற்காலிக இடமே பதிலாக வரும். ஆகவே தரவுக் கோப்புறையை ஓட்டும்போது கொடுக்கலாம், கொடுக்காவிட்டால் நிரலின் பக்கத்தில் தேடும் என்று அமைத்தோம்.

மறைந்திருந்த இருபத்தேழு

இதற்குமேல் அந்த நான்கு வரிச் செயற்கூற்றை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. இருக்கிறதா என்று பார்க்கும் வரியை எடுத்துவிட்டு, நேரடியாகத் திறக்கச் சொன்னோம்; திறக்க முடியாவிட்டால் பெயரைக் குறித்துக்கொண்டு, இறுதியில் எண்ணிக்கையுடன் காட்டும்படி செய்தோம். இப்போது ஓட்டியபோது 291 கோப்புகள் படிக்கப்பட்டன. 27 கோப்புகள் ‘இல்லை’ என்று வந்தன. முதல் நாள் கையால் ஓட்டியபோதும் இதே 27 விடுபட்டிருக்க வேண்டும். கிரானில் நிரல் மொத்தமாகத் தவறியிராவிட்டால் இந்த 27ஐ யாரும் தேடியிருக்க மாட்டோம்.

அந்தப் பட்டியலைக் கோப்புறையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ‘இல்லை’ என்று சொல்லப்பட்ட கோப்புகளில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் கண்ணெதிரே இருந்தன.

ஆறு கோப்புகளின் ஒட்டு (கோப்பின் வகையைக் காட்ட, பெயரின் ஈற்றில் புள்ளியோடு வரும் ஆங்கில எழுத்துகள்) மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. பட்டியலில் சிறிய எழுத்து. தமிழில் பெரிய எழுத்துச் சிறிய எழுத்து வேறுபாடு இல்லாவிட்டாலும், பெயரின் வாலில் ஆங்கில ஒட்டு ஒட்டிக்கொண்டிருப்பதால் அந்தச் சிக்கல் நம்மையும் விடுவதில்லை. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும்; லினக்ஸ் கொள்ளாது. ஒன்பது பெயர்களில் பட்டியல் வரியின் இறுதியில் ஓர் இடைவெளி இருந்தது. எங்கள் செயற்கூறு வரியின் முடிவுக் குறியை மட்டுமே நீக்கியதால் அந்த இடைவெளி பெயரோடு சேர்ந்தே போனது. விண்டோஸ் பெயரின் ஈற்றில் வரும் இடைவெளிகளையும் புள்ளிகளையும் தானே கத்தரித்துவிட்டுத் தேடும். ஆகையால் அங்கே தெரியவில்லை. லினக்ஸ் கொடுத்த பெயரை அப்படியே தேடும்.

இன்னொன்று உண்மையிலேயே சர்வரில் இல்லை. ஒப்பாரிப் பாடல் ஒன்றின் முதல் அடி முழுவதையும் கோப்பின் பெயராக வைத்திருந்தார்கள். லினக்ஸில் வழக்கமாக உள்ள எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் (வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறையில்) ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் வேண்டும். ‘கா’ என்பதில் அகரமேறிய மெய்க்கு மூன்று, காலுக்கு மூன்று, ஆக ஆறு. அந்தக் கணக்கில் 85 தமிழ்க் குறிகளோடு இடம் தீர்ந்துவிடும். எங்கள் பெயரில் 92 தமிழ்க் குறிகளும் ஒன்பது இடைவெளிகளும் நான்கு எழுத்து ஒட்டும் சேர்ந்து 289 பைட் ஆகியிருந்தது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸும் 255 என்றே சொல்கிறது. ஆனால் அது எண்ணுவது பைட்டை அல்ல, யூடிஎஃப்-16 அலகுகளை. அங்கே அதே பெயர் 105தான். கோப்புகளைச் சர்வருக்கு நகலெடுத்தபோது ‘பெயர் மிக நீளம்’ என்று ஒரு வரி ஓடியிருக்கும். நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே அதை யாரும் கவனிக்கவில்லை. ஆங்கிலத்தில் பெயரிடுபவர்கள் இந்த எல்லையைத் தொடுவதே அரிது; தமிழில் ஒரு நீண்ட அடியே போதும்.

ஆறும் ஒன்பதும் ஒன்றும் சேர்ந்தால் பதினாறு. இந்தப் பதினாறும் லினக்ஸுக்கு வந்ததால் நேர்ந்தவை. மீதி பதினொன்றுதான் இந்த ஆய்வை நான் எழுதுவதற்கே காரணம். ஏனெனில் அவை விண்டோஸிலும் ஒருநாளும் படிக்கப்பட்டதில்லை.

அவற்றில் முதலாவது பட்டியலின் முதல் வரி. பட்டியலைப் பழைய நோட்பேடில் யூடிஎஃப்-8 என்று சேமித்திருந்தார்கள். அது கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளக் குறியை எழுதும். அந்தக் குறியின் யூனிகோடு எண் 65279. நிரல் அதை முதல் கோப்பின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு தேடியது. திரையில் அச்சிட்டால் பெயர் சரியாகவே தெரியும். பைத்தானில் இந்தக் குறியை விழுங்கிவிட்டுப் படிப்பதற்கென்றே ‘யூடிஎஃப்-8-சிக்’ என்ற குறியாக்கப் பெயர் உண்டு; குறி இல்லாத கோப்பையும் அது சரியாகவே படிக்கும் என்பதால், பிறர் தரும் கோப்புகளுக்கு அதையே பயன்படுத்துவது நல்லது.

அடுத்து எட்டுக் கோப்புகள். ‘கோலாட்டம்’ என்பது அவற்றில் ஒன்று. பட்டியலிலும் கோலாட்டம், கோப்புறையிலும் கோலாட்டம். ஒன்றை ஒன்றன்மேல் வைத்துப் பார்த்தாலும் மயிரிழை வேறுபாடு இல்லை. இரண்டு பெயர்களின் நீளத்தையும் நிரலைக் கேட்டபோது பட்டியலில் உள்ளது ஒன்பது என்றும், வட்டில் உள்ளது பத்து என்றும் சொன்னது. குறிகளின் எண்களை ஒவ்வொன்றாக அச்சிட்டோம். பட்டியலில் 2965, 3019, 2994 என்று போனது. வட்டிலோ 2965, 3015, 3006, 2994 என்று போனது. அதாவது பட்டியலில் ககரத்துக்குப் பின் ஓகாரக் குறி ஒரே குறியாக இருந்தது; வட்டில் அதே ஓகாரம் இரட்டைக் கொம்பும் காலுமாகப் பிரித்து எழுதப்பட்டிருந்தது. யூனிகோடு இரண்டையும் சமமானவை என்றே வரையறுக்கிறது. ஆனால் விண்டோஸின் கோப்பு முறைமையும் லினக்ஸின் கோப்பு முறைமையும் பெயர்களை ஒப்பிடும்போது அந்தச் சமன்பாட்டைப் பார்ப்பதில்லை. எண்கள் வேறு என்றால் பெயர் வேறு.

எட்டும் ஒரே ஜிப் கோப்பில் வந்தவை. அனுப்பியவர் பழைய ஆப்பிள் கணினி வைத்திருந்தார். அந்தக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களை எப்போதும் பிரித்த வடிவிலேயே வைத்திருந்தது. நம்முடைய விசைப்பலகைகளோ பெரும்பாலும் சேர்ந்த வடிவையே இடும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகிய மூன்று உயிர்க்குறிகளுக்கு மட்டுமே இந்த இரட்டை வடிவம் உண்டு. ஔ என்ற உயிரெழுத்துக்கும் உண்டு. அதனால்தான் கும்மியும் தாலாட்டும் தப்பி, கோலாட்டமும் பொங்கலும் தொலைந்தன. பைத்தானின் யூனிகோடுடேட்டா நூலகத்தில் உள்ள ஒழுங்காக்கும் செயற்கூற்றைக் கொண்டு, பட்டியலின் பெயரையும் கோப்புறையிலிருந்து வாங்கிய பெயரையும் சேர்ந்த வடிவுக்கு மாற்றி ஒப்பிட்டதும் எட்டும் கிடைத்தன. பட்டியல் பெயரை மட்டும் ஒழுங்காக்கித் திறக்க முயல்வதில் பயனில்லை. வட்டில் இருப்பது பிரிந்த வடிவம். திறக்க வேண்டியது அந்த வடிவிலேயே. ஆகவே முதலில் கோப்புறையில் உள்ள பெயர்களை எல்லாம் வாங்கி, ஒழுங்காக்கிய பெயருக்கு எதிரே வட்டில் உள்ள பெயரை வைத்து நிரலுக்குள் ஓர் அகராதி (ஒன்றுக்கு ஒன்று காட்டும் அட்டவணை) அமைத்து, அதில் தேடி, வட்டுப் பெயரைக் கொண்டே திறக்க வேண்டும்.

கடைசி இரண்டும் இதற்கும் மசியவில்லை. இரண்டு ‘கௌரி நோன்பு’ப் பாடல்கள். பட்டியலில் ககரத்தோடு ஔகாரக் குறி சேர்ந்து நான்கு குறிகளில் ‘கௌரி’ முடிந்திருந்தது. கோப்பின் பெயரிலோ ஐந்து குறிகள்: ககரம், ஒற்றைக் கொம்பு, ளகரம், ரகரம், இகரக் குறி. தட்டச்சு செய்தவர் ஔகாரத்தின் பின்பாதியை ளகரம் என்றே நினைத்து ‘கெளரி’ என்று இட்டிருக்கிறார். படிக்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. யூனிகோடுக்கு இவை சமமானவை அல்ல, எழுத்துப்பிழை மட்டுமே. எந்த ஒழுங்காக்கமும் இதைச் சேர்த்து வைக்காது. இதே குடும்பத்தில் ஸகரத்தைக் கொண்டு எழுதும் ‘ஸ்ரீ’யும், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தைக் கொண்டு எழுதும் ‘ஶ்ரீ’யும் பல எழுத்துருக்களில் ஒரே உருவில் தெரியும், எகரமும் தமிழ் எண் ஏழும்கூட அப்படியே. எங்கள் தொகுப்பில் அவை இல்லை என்பது எங்கள் நல்ல காலம்.

பட்டியலே வேண்டாம் என்றால்

இத்தனையையும் கேட்ட இளைஞர், பட்டியலை வைத்துக்கொண்டு அல்லாடுவானேன், கோப்புறையில் உள்ள உரைக்கோப்புகளை எல்லாம் நிரலே வாங்கிப் படித்துக்கொள்ளட்டும் என்றார். நியாயமான யோசனை; அதிலும் குழி உண்டு. பெரிய எழுத்து ஒட்டு உள்ள ஆறும் லினக்ஸில் அப்போதும் விடுபடும். ஆப்பிள் கணினியில் கட்டிய ஜிப்பைப் பிரிக்கும்போது, புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வர அதே பெயரிலும் அதே ஒட்டிலும் துணைக் கோப்புகள் வந்து கிடக்கும். உள்ளே இருப்பது உரை அல்ல. எல்லாவற்றையும்விட, வாங்கும் பெயர்கள் எந்த வரிசையில் வரும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது.

வரிசை மாறினால் என்ன என்று தோன்றலாம். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மனோவா வளாக வேதியியலாளர்கள் 2019இல் வெளியிட்ட கட்டுரை இதற்குச் சரியான பதில். சயனோபாக்டீரியா ஒன்றிலிருந்து பிரித்த சேர்மங்களை ஆராய்ந்த அவர்கள், 2014இல் நேச்சர் புரோட்டோகால்ஸ் இதழில் வெளிவந்து பலரும் பயன்படுத்திவந்த பைத்தான் நிரல்களை ஓட்டியபோது, ஒரே தரவுக்கு வெவ்வேறு கணினியில் வெவ்வேறு விடை வருவதைக் கண்டார்கள். விண்டோஸ் 10இலும் பழைய மேக்ஓஎஸ் மேவரிக்ஸிலும் விடை சரி. லினக்ஸ் வகையான உபுண்டுவிலும் மேக்ஓஎஸ்ஸின் புதிய பதிப்பான மொகாவேயிலும் ஏறத்தாழ ஒரு சதவீதம் வரை விலகல். அந்த நிரல் கோப்புறையில் உள்ள வெளியீட்டுக் கோப்புகளை வாங்கி இரண்டு வகையாகப் பிரித்து, இரண்டு வகையும் ஒரே வரிசையில் இருக்கும் என்று நம்பி ஜோடி சேர்த்தது. என்டிஎஃப்எஸ்ஸும் எச்எஃப்எஸ் பிளஸ்ஸும் பெயர்களை அகரவரிசையில் தரும். எக்ஸ்ட்4உம் ஆப்பிளின் பிந்தைய ஏபிஎஃப்எஸ்ஸும் அப்படித் தருவதில்லை. ஜோடி மாறியது, பிழைச் செய்தி எதுவும் வராமல் எண் மட்டும் மாறியது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை மறுபார்வை இட வேண்டியிருக்கலாம் என்று அப்போது பேசப்பட்டது. திருத்தமோ, வாங்கிய பெயர்களை வரிசைப்படுத்துவதுதான்.

எங்கள் அடைவில் பாடல் எண்கள் பட்டியலின் வரிசையைப் பின்பற்றுபவை. அச்சிட்ட படிகளிலும் அதே எண்கள். எனவே பட்டியலை வைத்துக்கொண்டோம். வரிசைப்படுத்தி வாங்கினாலும் வருவது யூனிகோடு வரிசைதான். அதில் றகரம் ரகரத்தை அடுத்தும், னகரம் பகரத்துக்கு முன்னும் வந்துவிடும். அகராதி வரிசை வேண்டுபவருக்கு அது உதவாது. மாறாத ஒரு வரிசை போதும் என்பவருக்குப் போதும்.

குறியாக்கம்

பாதை சரியானபின் உள்ளே இருப்பதைப் படிப்பது வேறு கதை என்றாலும், ஒன்றைச் சொல்ல வேண்டும். விண்டோஸில் குறியாக்கத்தைச் சொல்லாமல் உரைக்கோப்பைத் திறந்தால், பைத்தான் அந்தக் கணினியின் வட்டார அமைப்பில் உள்ள குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். பல கணினிகளில் அது விண்டோஸ்-1252. தமிழ்ப் புள்ளி யூடிஎஃப்-8இல் 224, 175, 141 என்ற மூன்று பைட்டாக இருக்கும். விண்டோஸ்-1252இல் 141க்கு எழுத்தே ஒதுக்கப்படவில்லை. எனவே புள்ளி வைத்த முதல் மெய்யெழுத்திலேயே நிரல் நின்றுவிடும். தமிழில் புள்ளியே இல்லாத பாட்டு ஏது? இளைஞர் முதல் நாளே இதில் முட்டிக்கொண்டு குறியாக்கத்தை எழுதிவிட்டார்; சத்தமிட்டு விழுந்த பிழை என்பதால் அரைமணி நேரத்தில் தீர்ந்தது. பைத்தான் 3.15 பதிப்பிலிருந்து சொல்லாவிட்டாலும் யூடிஎஃப்-8 என்றே கொள்வதென முடிவாகியிருக்கிறது. பழைய பதிப்புகள் நெடுநாள் புழக்கத்தில் இருக்கும் என்பதால், எழுதிவிடுவதே பாதுகாப்பு.

மாற்றங்களும் மீதியும்

இப்போதைய நிரல் பட்டியலின் ஒவ்வொரு வரியையும் இருபுறமும் இடைவெளி நீக்கி, சேர்ந்த வடிவுக்கு மாற்றி, கோப்புறையின் பெயர் அகராதியில் தேடுகிறது. ஒரே ஒரு பெயர் கிடைக்காவிட்டாலும் அடைவை எழுதாமல் நிற்கிறது. கிடைக்காத பெயரைக் குறிகளின் எண்களோடு சேர்த்து அச்சிட்டு, தோல்வி என்ற நிலையோடு முடிகிறது. தட்டச்சாகாத பாடல்களுக்குப் பட்டியலில் வரியின் தலையில் ஒரு குறி இடுவதென்று ஏற்பாடு. அடைவும் முதலில் வேறு பெயரில் எழுதப்பட்டு, முழுமையாக முடிந்தபின்பே பழையதன் இடத்துக்கு வருகிறது.

இந்த மாற்றங்களுக்குப் பிறகும் ஒருமுறை நின்றது. புதிதாகச் சேர்த்த ஒரு வரி சாய்கோட்டில் தொடங்கியிருந்தது. பாதையை இணைக்கும்போது இரண்டாம் துண்டு சாய்கோட்டில் தொடங்கினால், அது முழுப் பாதை என்று கொண்டு முன்னால் உள்ளவை எல்லாவற்றையும் பாத்லிப் கழித்துவிடும். நிரல் சர்வரின் வேர்க் கோப்புறையில் பாட்டுத் தேடியிருக்கும். அகராதியில் அப்படி ஒரு பெயர் இல்லாததால் அதற்கு முன்பே நின்றுவிட்டது. வெளியார் தரும் பெயரைப் பாதையோடு ஒட்டும் நிரல்களில் இது வெறும் தொல்லை அல்ல, பாதுகாப்புச் சிக்கலும் ஆகும்.

ஒப்பாரியின் பெயரைச் சுருக்கி, முதல் அடி கோப்புக்கு உள்ளே இருப்பதை உறுதி செய்துகொண்டோம். ‘கெளரி’களைக் கையால் ‘கௌரி’ ஆக்கினோம். பழைய விண்டோஸ் வெளியீட்டை எடுத்து எண்ணியபோது அதில் 307 பாடல்களே இருந்தன. 318 இருக்க வேண்டும் என்று அன்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அச்சிட்டுக் கொடுத்த படிகளில் அந்தப் பதினொரு பாடல்களின் சொற்கள் இல்லை. அவற்றுக்கு மட்டும் தனியாக அடைவு ஓட்டி, ஒரு பின்னிணைப்பாக அச்சிட்டு, படிகளை வாங்கிச் சென்றவர்களின் முகவரிப் பேரேட்டை நூலகர் தேடிக்கொண்டிருக்கிறார்.